தாம்சன் ரோட்டில் பறந்த கார்கள்!

சிங்கப்பூர்த் தேக்காவுக்கு வந்துபோகும் நம்மவர்களுக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு தெரியாமல் இருக்காது. வாழையிலைச் சாப்பாடும் மீன்தலைக் கறியும் அங்கே பிரசித்தம். ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். ஒரு காலத்தில் அங்கேதான் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. குதிரைகள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இதே ஊரில் இன்னொரு பந்தய ரோடும் உண்டு. அங்கே ஓடியவை குதிரைகள் அல்ல, கார்கள். ஆனால் பெயரை வைத்து அந்தக் கதையைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய அப்பர் தாம்சன் ரோடு என்றுதான் அதற்குப் பெயர்.

அதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். கூட வந்தவன் என் அண்ணன் மகன். ஜொகூரில் தோட்டத்திலே வளர்ந்த பையன்; வயது பத்தொன்பது. வலது முழங்காலில் பெரிய தழும்பு. செம்பனைக் காட்டுச் செம்மண் ரோட்டில் கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிள் பந்தயம் விட்டதற்குக் கிடைத்த பரிசு அது! "நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க தம்பி" என்று அண்ணி சொல்லி அனுப்பியிருந்தார்கள். புத்தி சொன்னால் கேட்கிற வயதா அது? நிஜப் பந்தயம் நடந்த இடத்தையே காட்டிவிடுவோம் என்று அழைத்துப் போனேன்.

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, ஸ்டீவன்சில் மாறி, ஸ்பிரிங்லீஃப் நிலையத்தில் இறங்கினோம்.

ரப்பர்க் காட்டு ஓரத்திலே

இந்த வட்டாரம் நமக்கு அந்நியமானது அல்ல. நீ சூன், செம்பாவாங் பக்கமெல்லாம் முன்பு ரப்பரும் அன்னாசியும் விளைந்த பூமி. பால்மரம் வெட்டவும், செம்பாவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்க்கவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய இருந்தன. இன்று எல்லாம் அடுக்குமாடி வீடுகள்.

1961 செப்டம்பரில் இந்தக் கிராமத்து ரோட்டுக்கு ஒரு புது வேடம் கிடைத்தது. வெளிநாட்டுப் பயணிகளைச் சிங்கப்பூருக்கு இழுக்க வேண்டும் என்று 'ஓரியண்ட் ஆண்டு' கொண்டாடினார்கள். அதையொட்டி அப்பர் தாம்சன் ரோட்டையும் பழைய அப்பர் தாம்சன் ரோட்டையும் அடைத்து, கார்ப் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடத்தினார்கள். அந்த முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டின் காரில் வென்றவர் இயன் பார்ன்வெல்.

பந்தயத்துக்கென்று தனித் திடல் எதுவும் கட்டவில்லை. மற்ற நாளெல்லாம் பஸ்ஸும் லாரியும் சைக்கிளும் போகிற ரோடுதான்! ஒரு சுற்று கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர். 'தாம்சன் மைல்' என்ற நேர்ப்பாதையில் காரை விரட்டிவிட்டு, செம்பாவாங் சந்தியில் கொண்டை ஊசி போல் திருப்ப வேண்டும். பிறகு 'பாம்பு' என்று பெயர் வைத்த நெளிவுகள். அதையும் தாண்டினால் 'பேய் வளைவு'! திறமைசாலிகள் ஒரு சுற்றை ஏறக்குறைய இரண்டே நிமிடத்தில் முடித்தார்கள்.

உள்ளூர் வீரர்கள்

1962-இல் 'மலேசிய கிராண்ட் பிரீ' என்று பெயர் மாறியது. அந்த ஆண்டு உள்ளூர்க்காரர் யோங் நாம் கீ ஜாகுவார் காரில் வென்றார். 1963-இலும் 1965-இலும் ஹாங்காங்கைச் சேர்ந்த ஆல்பர்ட் பூன். இடையில் 1964-இல் வருண பகவானுக்கே வெற்றி! கொட்டோ கொட்டென்று கொட்டிய மழையில் பந்தயத்தைப் பாதியிலே நிறுத்திவிட்டார்கள்.

சிங்கப்பூர் தனி நாடான பின், 1966 முதல் அது 'சிங்கப்பூர் கிராண்ட் பிரீ' ஆயிற்று. 1967-இல் சிங்கப்பூர் வீரர் ரோட்னி சியாவ் வாகை சூடினார். 1969, 1970, 1971 என்று வரிசையாக மூன்று ஆண்டுகள் நியூசிலாந்துக்காரர் கிரேம் லாரன்ஸ். 1972-இல் மேக்ஸ் ஸ்டுவர்ட். 1973-இல் ஆஸ்திரேலியர் வெர்ன் ஷுப்பான். அத்தோடு முடிந்தது கதை.

"ஏன் சித்தப்பா நிறுத்திட்டாங்க? நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டான் பையன்.

சாக்கடையும் விளக்குக் கம்பமும்

ரோட்டோரத்தைக் காட்டினேன். பொது ரோடு என்றால் ஓரத்தில் என்னென்ன இருக்கும்? மழைநீர் ஓடும் ஆழமான சாக்கடை, விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், மரங்கள். இவற்றுக்கு நடுவேதான் அந்தக் கார்கள் பறந்தன. கொஞ்சம் பிசகினால் கார் போய் மோத இவ்வளவு இருந்தன. கார்கள் ஆண்டுக்கு ஆண்டு வேகமாகிக்கொண்டே வந்தன. ரோடு மட்டும் அப்படியே இருந்தது. 1972-இலும் 1973-இலும் அடுத்தடுத்துப் பந்தயத்தில் உயிர் போயிற்று. ஊரில் வண்டிகள் பெருகிவிட்டதால் ரோட்டை அடைப்பதும் மக்களுக்குத் தொல்லையாகிவிட்டது. பந்தயமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2008-இல், மரீனா பே பகுதியில் மறுபடியும் கார்கள் உறுமின. ஃபார்முலா ஒன் வரலாற்றிலே இரவில் நடந்த முதல் பந்தயம் அது. அதுவும் நகரத்து ரோட்டில்தான். ஆனால் இந்த முறை பாதை நெடுகக் கான்கிரீட் தடுப்பு, அதன்மேல் உயரமான கம்பி வேலி.

"நம்ம ஆளு யாராச்சும் அதுல ஓட்டியிருக்காங்களா?"

ஓட்டியிருக்கிறார்! கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குள் நுழைந்த முதல் இந்தியர் அவர்தான். 2012 செப்டம்பரில் இதே சிங்கப்பூரில் ஓட்டும்போது அவருடைய கார் சுவரில் மோதியது. உடனே பாதுகாப்புக் காரைப் பாதையில் இறக்கி, மற்றவர்களின் வேகத்தைக் குறைத்தார்கள். அவருக்குக் காயமில்லை, அடுத்த பந்தயத்திலும் ஓட்டினார். உடம்பைச் சுற்றி வலுவான கூடு, தலைக்கவசம், இறுக்கிப் பிடிக்கும் வார்கள், பக்கத்திலே மருத்துவர்கள். இத்தனையும் இருந்ததால் அந்த மோதல் வெறும் செய்தியாக முடிந்தது.

மண் ரோட்டுப் பந்தயம்

பையன் மெதுவாகச் சொன்னான்: "அதெல்லாம் தார் ரோடு சித்தப்பா. நாங்க ஓட்டுறது மண்ணு. விழுந்தாலும் வலிக்காது."

முழங்காலைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்!

மண்ணில் ஓட்டும் பந்தயமும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நாட்டுப்புற ஊர்களில் சில குடும்பங்களே சொந்தமாக மண் திடல் வைத்து நடத்துகின்றன. வார இறுதியில் ஊரே பிள்ளைகுட்டிகளோடு திரண்டு வரும். முட்டை வடிவப் பாதை. தூசி அடங்கத் தண்ணீர் தெளித்து மண்ணை இறுக்குவார்கள். கார்கள் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே திரும்பும். ஆனால் அங்கேயும் ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு, தலைக்கவசம், வார், பார்ப்பவர்களுக்கு முன்னே வேலி. எதிரே பால் லாரி வராது. பள்ளிவிட்டு வரும் பிள்ளை குறுக்கே ஓடாது.

நம் தோட்டத்து ரோட்டில்? லாரியும் வரும், ஆடுமாடும் வரும், வேலை முடிந்து அம்மாவும் வருவாள்.

இதைச் சொன்னதும் அவன் பேசவில்லை. சற்று நேரம் நடந்தோம். மரங்களுக்கு இடையே ரோட்டின் மேலே கயிற்றுப் பாலம் ஒன்று தொங்கியது. பக்கத்தில் இருப்பது 2019-இல் திறந்த தாம்சன் இயற்கைப் பூங்கா. மந்திகள் ரோட்டில் இறங்கி அடிபடாமல் கடக்கத்தான் அந்தப் பாலம். ஒரு காலத்தில் பேய் வேகத்தில் கார்கள் பறந்த ரோடு இன்று ஒருவழிப் பாதை. வருகிற ஒன்றிரண்டு கார்களும் குரங்குகளுக்காக நிதானித்துப் போகின்றன.

"குரங்குக்கே பாலம் கட்டியிருக்காங்க சித்தப்பா!" என்று சிரித்தான். பிறகு தானாகவே சொன்னான்: "ஹெல்மெட்டு இருக்கு. போடுறதில்ல. இனிமே போடுறேன்."

பெற்றோரே, பிள்ளைகளுக்கு வேகம் பிடிக்கும். அதைத் திட்டித் தீர்க்க முடியாது. ஓட்ட ஆசையென்றால் அதற்கென்று கட்டிய திடல் இருக்கிறது. 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்த செப்பாங் நம் நாட்டில்தானே உள்ளது! ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அங்கே கட்டியிருக்கும் வேலியையும் தடுப்பையும் பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும். நாலு பேர் நடந்து போகும் ரோட்டில் வேகம் வேண்டாம் என்பது அப்போது அவனுக்கே புரியும்.