செம்பனை வரிசையில் ஓசையற்ற சிறகு

பண்டார் பாரு கெடாவின் தென்கோடி. கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராக்கின் பாரிட் புந்தார். பால்மரம் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனைதான். பகலில் செம்பனைக்கு மேலே கூச்சலோடு கூட்டமாகப் பறக்கிறது பச்சைக்கிளி; சிவந்த கன்னமும் நீண்ட வாலும் கொண்ட இனம். இரவில் அதே வரிசைகளுக்கு இடையே கூகை பறக்கிறது. அது கடந்து போவது காதில் விழாது. இரண்டுக்கும் எலும்பும் தசையும் ஒரே அமைப்புதான். பிழைப்பு வேறு, ஆகவே சிறகும் வேறு.

முதலில் கிளி. நம் கையில் இருக்கும் மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் அதன் சிறகிலும் உண்டு. முன்கையில் வரிசையாகப் பதிந்த இறகுகள் வளைந்த தளமாக நின்று, எதிர்வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகின்றன. காற்று கீழே தள்ளப்பட, பறவை மேலே தாங்கப்படுகிறது. விரல் பகுதியின் பத்து நீண்ட இறகுகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சிறகு கீழே இறங்கும்போது அவை சற்றே முறுக்கிக்கொண்டு காற்றைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. உடல் முன்னே பாய்கிறது. சிறகை மேலே தூக்கும்போது மணிக்கட்டை மடக்கிக்கொள்வதால் காற்றின் தடை குறைகிறது.

சிறகைக் கீழே இழுக்கும் தசை மார்பில் இருக்கிறது. மேலே தூக்குவது முதுகுத் தசை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதுவும் மார்பில்தான், பெரிய தசைக்கு அடியில். அதன் நாண் தோளெலும்புகளுக்கு இடையே உள்ள துளை வழியாக மேலேறி, மேற்கை எலும்பின் மேற்புறத்தில் பிடித்துக்கொள்கிறது. கிணற்று ராட்டினத்தில் கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி மேலே வருகிறதே, அதே ஏற்பாடு. கனமான தசைகள் இரண்டும் சிறகுக்குக் கீழே இருப்பதால் பறவை காற்றில் நிலைதடுமாறுவதில்லை. பறவையின் உடலில் என்னை மிகவும் வியக்கவைப்பது இந்தத் துளைதான்.

கிளியின் சிறகு ஒடுங்கியது, நுனி கூரியது. அடித்து அடித்து வேகமாகப் பறக்கத்தான் அது ஏற்றது. சத்தத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கூகைக்கு எடை ஏறத்தாழ அரைக் கிலோ. விரித்த சிறகோ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 90 செ.மீ. அளவு. இவ்வளவு லேசான உடலுக்கு இவ்வளவு பெரிய சிறகு இருப்பதால் மிக மெதுவாகப் பறந்தாலும் கீழே விழாது. மெதுவாகப் பறப்பதில்தான் பாதி இரகசியம் இருக்கிறது. சிறகின் பின்விளிம்பில் எழும் ஒலியின் ஆற்றல், வேகத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி ஏறி இறங்கும். வேகம் பாதியானால் அந்த ஒலி ஏறக்குறைய 32-இல் ஒரு பங்காகிவிடும்.

மீதி, இறகின் நெய்வில் இருக்கிறது. சிறகின் வெளிக்கோடி இறகில், காற்றை முதலில் சந்திக்கும் விளிம்பு நெடுக நுண்ணிய பற்கள் நிற்கின்றன. காற்று அவற்றுக்கு இடையே பிரிந்து சீராக ஓடுகிறது. இறகின் மேற்பரப்பில் அடர்ந்திருக்கும் மெல்லிய ரோமம், இறகோடு இறகு உரசும் ஒலியை அடக்குகிறது. பின்விளிம்பில் தொங்கும் குஞ்சம், மேலும் கீழும் ஓடிவந்த காற்று கலக்கும் இடத்தில் இரைச்சலைத் தணிக்கிறது. இந்த மூன்றையும் 1934-இல் வகைப்படுத்தி எழுதியவர் இராபர்ட் கிரகாம் என்ற பிரிட்டிஷ்காரர். பின்னாளில் ஜப்பானின் 500 வரிசை ஷின்கான்சென் ரயிலில், மின்கம்பியைத் தொடும் கூரைக் கரத்தின் இரைச்சலைக் குறைக்கவும் ஆந்தை இறகின் பற்களே வழிகாட்டின.

எலிக்குத் தெரியாமல் வருவது ஓசையற்ற சிறகின் ஒரு பயன். இன்னொன்று கூகையின் சொந்தக் காதுக்கு. அதன் காதுத் துளைகளில் ஒன்று மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் இருப்பதால், ஒலி எந்தத் திசையிலிருந்து மட்டுமல்ல, எந்த உயரத்திலிருந்து வருகிறது என்றும் தெரிந்துவிடும். முழு இருட்டறையில் வெறும் ஒலியை வைத்தே அது எலியைப் பிடிப்பதை அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் பெய்ன் சோதித்துக் காட்டினார். தன் சிறகே இரைந்தால், காய்ந்த மட்டைக்கு அடியில் எலி ஓடும் சரசரப்பு அதற்குக் கேட்காது.

செம்பனைப் பழத்தைக் கடித்து நாசமாக்குவது எலிதான். தீபகற்ப மலேசியாவில் கூகை கூடுகட்டிப் பெருகத் தொடங்கியதே செம்பனை பரவிய பிறகு, 1960-களின் கடைசியிலிருந்துதான். தோட்டங்களில் பொந்து கிடைப்பது அரிது என்பதால் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்தார்கள். கூகை வந்து குடியேறியது. குஞ்சு வளர்க்கும் ஒரு சோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கூகையின் அலறலைக் கெட்ட சகுனம் என்று எண்ணிக் கல்லெறிபவர்கள் இன்னும் உண்டு. எறிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்லைவிடப் பெரிய ஆபத்து எலி மருந்து. 1980-களில் சில தோட்டங்கள் வீரியம் கூடிய இரண்டாம் தலைமுறை மருந்துக்கு மாறியபோது, அதைத் தின்ற எலிகளைப் பிடித்த கூகைகளும் மடிந்தன. அந்த நஞ்சு எலியின் ஈரலில் வெகுநாள் தங்குகிறது. எலியும் உடனே சாவதில்லை. தடுமாறி மெதுவாக ஓடும் அந்த எலிதான் கூகைக்குச் சுலபமான இரை. பெட்டி வைத்திருக்கும் தோட்டத்தில் இந்த வகை மருந்தைப் போடுவது, கூலி வாங்காத காவலாளிக்குச் சோற்றில் விஷம் வைப்பதுதான்.