வாசல் வெளிச்சம்

தீபாவளி முடிந்து எட்டாம் நாள் அந்தப் பார்சல் திரும்பி வந்தது. பிரித்ததும் மல்லிகைப்பூ வாசம் அடித்தது. சேலையை மேசைமேல் விரித்தேன். முந்தானையில், தோளில் பின் குத்துகிற இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள். கொசுவம் வைத்த மடிப்பு இன்னும் கலையவில்லை. கரையோரம் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் கறை. திருப்பியதற்குக் காரணம், 'படத்தில் உள்ள நிறம் இல்லை' என்று போட்டிருந்தது.

ஈப்போ புந்தோங்கில் என் வீட்டு முன்னறைதான் கடை. சேலை, ரெடிமேட் ரவிக்கை, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை, எல்லாம் இணையச் சந்தையில்தான் விற்கிறேன். புதிதாகக் கடை போட நினைக்கும் பெண்கள் என்னிடம் எப்படி விற்பது என்றுதான் கேட்கிறார்கள். விற்றது திரும்பி வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. நான் அதிகம் நஷ்டப்பட்டது அதில்தான்.

இந்தத் தளங்களில் வாங்குபவர் கட்டும் பணம் நேராக நமக்கு வராது. பொருள் கிடைத்தது என்று அவர் உறுதி செய்யும்வரை, அல்லது குறித்த கெடு முடியும்வரை, தளமே பிடித்து வைத்திருக்கும். அதற்குள் அவர் 'ரிட்டர்ன்' கேட்டுவிட்டால் பணம் அப்படியே நின்றுவிடும். பதில் சொல்ல நமக்குச் சில நாள்தான். அந்தச் சேலைக்கு நான் கெடுவுக்குள் முறையிட்டேன். ஆனால் அனுப்பும்போது ஓட்டை இல்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. 129 வெள்ளி போனது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் முதலில் இணைய வணிகத்தைத் தொடவில்லை. 2007இல் திருத்திச் சேர்த்தார்கள். பொருள் நாம் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. மனசு மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பும் உரிமையை அது தரவில்லை. கைக்கு வந்த பிறகு வாங்கியவரால் கெட்டுப்போன பொருளை வேண்டாம் என்று தள்ளவும் முடியாது. ஆனால் தளத்தின் விதி சட்டத்தைவிடத் தாராளமாக இருக்கலாம். அங்கே கடை திறந்த அன்றே அந்த விதிக்கும் நாம் சம்மதம் சொல்லிவிட்டோம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அந்தக் கதவு வாங்குபவருக்குத்தான். விற்பவர் அங்கே போய் வழக்குப் போட முடியாது.

அம்மா காலத்தில் துணி வாங்கியது வேறு விதம். நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். இப்போது அங்கே பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு, சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு துணிக்காரர் வருவார். அம்மா பால்வெட்டு முடித்து வந்து, கை கழுவி, சேலையை வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். இழை விட்டிருக்கிறதா என்று கண் ஓட்டுவார். ஓரத்தில் தண்ணீர் தொட்டு வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் பார்ப்பார். "இது வேணாண்ணே, அடுத்தத எடுங்க" என்பார். அந்த அண்ணனும் முகம் சுளிக்காமல் அடுத்ததை விரிப்பார். வேண்டாம் என்பதெல்லாம் வாங்கும் முன்பே தீர்ந்துவிடும்.

என்னிடம் வாங்கும் குளுவாங் பெண்ணுக்கு அந்த வாசல் கிடையாது. அவருக்காக நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இதை நான் உணர்ந்தது, ஓராண்டுக் கணக்கு நோட்டைப் புரட்டியபோது. திரும்பியவற்றில் உடுத்திவிட்டு அனுப்பியவை சொற்பம். முக்கால்வாசி ரவிக்கைகள், அதிலும் கை பிடிக்கிறது என்ற குறை. எம், எல் என்று போட்டுவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கிறேன். இப்போது மார்புச் சுற்று, கைச் சுற்று, கை நீளம் மூன்றையும் டேப் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன். உள்தையலில் எத்தனை அங்குலம் பிரிக்கலாம் என்றும் எழுதுகிறேன்.

நிறத்திலும் என் பிழை இருந்தது. தைப்பிங்கிலிருந்து ஒரு அக்கா எழுதினார்: "தங்கச்சி, மயில் கழுத்து கலர்னு நெனச்சு கும்பாபிஷேகத்துக்கு வாங்கினேன். இது பச்சையால்ல இருக்கு?" என்னிடம் மீதியிருந்த அதே ரகச் சேலையை மஞ்சள் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பச்சைதான். டியூப்லைட்டில் எடுத்த படம் நீலமாகக் காட்டியிருக்கிறது. "அக்கா, தப்பு என்னோடது. அனுப்பிடுங்க, அனுப்புற செலவ நான் தர்றேன்" என்றேன். அன்றிலிருந்து காலை வெயிலில் ஒரு படம், இரவு விளக்கில் ஒரு படம்.

அனுப்பும் முன் சேலையை முழுதாக விரித்து, மடித்து, பையில் போட்டு, டேப் ஒட்டி, பார்சல் எண் தெரியும்வரை ஒரே மூச்சில் வீடியோ எடுக்கிறேன். திரும்பி வருவதைப் பிரிக்கும்போதும் அப்படியே. முந்தானையில், வெளியே தெரியும் இடத்தில், ஒரு துணி அட்டையைத் தைத்துவிடுகிறேன். அதை வெட்டாமல் உடுத்த முடியாது. 25 வெள்ளிப் பாவாடைக்கு வாதாடுவதில்லை, அந்த நேரத்தில் இரண்டு பார்சல் கட்டிவிடலாம். விலை கூடிய சேலை என்றால் வீடியோவோடு கடைசிவரை நிற்பேன்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கல். ஆனாலும் புது மூட்டை வந்தால் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப்போட்டு, ஒவ்வொரு சேலையாக வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார். போன வாரம் ஒரு கத்தரிப்பூ நிறச் சேலையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, "இங்க இழை விட்டிருக்கு பாரு" என்றார். எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை. தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்தச் சேலையைத் தனியே எடுத்து வைத்தேன்.