பொதியில் வரும் மீனுக்கு எது விலை?

கைப்பேசியில் பதிவு செய்தால், வெட்டிச் சுத்தம் செய்த மீன் பனிக்கட்டிப் பொதியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. 2015-இல் பெங்களூருவில் லிஷியஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட பின் பெருநகரங்களில் இவ்வணிகம் வேரூன்றிவிட்டது. விலையோ சந்தையைவிட அதிகம். அது தகுமா? இராமேசுவரம், பாம்பன் கரைகளில் மீன் இறங்குவதையும் ஏலம் போவதையும் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலில் எடைக் கணக்கு. சந்தையில் கிலோ 400 ரூபாய்க்கு வாங்கும் முழு மீனில் தலை, குடல், செதில் நீங்கி 600 கிராம் மிஞ்சுவதாகக் கொள்வோம். உண்ணும் பகுதியின் விலை கிலோவுக்கு ஏறத்தாழ 667 ரூபாய். அதே மீன் சுத்தம் செய்யப்பட்டு அரைக் கிலோ 400 ரூபாய்க்கு வந்தால் கிலோ 800 ரூபாய். பார்வைக்கு இருமடங்காகத் தோன்றும் விலையில் உண்மையான வேறுபாடு 133 ரூபாய்தான். ஆனால், பொதியில் குறித்திருப்பது சுத்தம் செய்வதற்கு முந்தைய எடை எனில் இக்கணக்கு தலைகீழாகும். இறாலில் தலையும் ஓடும் போனால் பாதியளவே மிஞ்சும்.

இரண்டாவது, குளிர்ச்சி. மீன் பிடிபட்ட கணத்திலிருந்து கெடத் தொடங்குகிறது. சூரை, அயிலை போன்றவை வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் நச்சு உருவாகும். சமைத்தாலும் அது அழியாது. படகிலிருந்து சமையலறை வரை பூச்சியம் பாகை அருகிலேயே மீனைக் காப்பதற்குச் செலவுண்டு. அச்செலவு நியாயமானது. 2018-இல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டதை நினைத்தால், அதன் அருமை புரியும்.

ஆயினும் ஓர் இழப்பு இருக்கிறது. கண் தெளிவாக உள்ளதா, செவுள் சிவந்துள்ளதா, விரலால் அழுத்தினால் சதை மீள்கிறதா என்று பார்த்து வாங்குவதே நம் வழக்கம். துண்டாக்கிய மீனில் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. மீன் தானே சொல்லிவந்த சாட்சியத்தை இனிப் பொதியின் எழுத்துத்தான் சொல்லியாக வேண்டும். அங்கு நாம் காண்பதோ பெரும்பாலும் பொதியிட்ட நாள். பிடிபட்ட நாள் அன்று.

இந்தக் கடற்கரையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப் படகுகளுக்கு நான்கு நாள் என்பது ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மே மாதத்தில் 'இன்று பிடித்தது' என்று வஞ்சிரத் துண்டு வந்தால், அது நாட்டுப் படகினுடையதா, மேற்குக் கடற்கரையிலிருந்து வந்ததா, குளிர்க்கிடங்கில் கிடந்ததா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. இழுவலையில் மணிக்கணக்கில் நசுங்கிய மீனும் தூண்டிலில் ஒவ்வொன்றாக ஏறிய மீனும் ஒரே தரமுடையவை அல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் மீனில் அதன் இனம், பிடிக்கப்பட்ட கடற்பகுதி, கருவி, கடல்மீனா வளர்ப்பு மீனா, உறையவைத்து உருக்கியதா ஆகியவற்றைக் குறிப்பிடுவது சட்டம். நம் பொதிகளில் இறங்குதளத்தின் பெயரும் பிடித்த நாளும் நிகர எடையும் இருந்தாலே போதும். அத்தகவல் இருப்பின் கூடுதல் விலை தகும். இல்லையெனில் நாம் பணம் கொடுப்பது அட்டைப்பெட்டிக்கே.

அத்தகவலால் மீனவருக்கும் நன்மை உண்டு. வியாபாரியிடம் முன்பணம் பெற்ற நாட்டுப் படகுக்காரர், அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்க நேர்கிறது. 'பாம்பன் நாட்டுப் படகு, தூண்டில் மீன்' என்று பொதியில் அச்சானால், அவருடைய உழைப்புக்கும் ஒரு தனி விலை கேட்க வழி பிறக்கும்.