சாரலில் நனைந்த மேனிக்கு ஒரு வெள்ளிப் போர்வை

திருக்குற்றாலத்தில் எழுந்தருளியிருக்கும் குற்றாலநாதருக்கு நாள்தோறும் தைலம் சாத்துகிறார்கள். திருமாலின் திருமேனியை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்பது தலபுராணம். அந்தத் தலைவலி தீரவே தைலம். இரவில் சுக்கு முதலிய சரக்குகள் இட்ட கஷாயமும் நிவேதனமாகிறது. அருவிச் சாரலிலேயே இருக்கும் சுவாமியைக் குளிர் வருத்தலாகாது என்ற அன்பு அது.

கார்த்திகையில் இதே அருவியில் நீராடி, செங்கோட்டை கடந்து ஆரியங்காவு சாஸ்தாவைத் தொழுது, சபரிமலை செல்லும் முதிய அடியார்கள் தம் மேனியைப் பற்றி இவ்வளவு எண்ணுவதில்லை. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகச் செல்லும் பெருவழியில் மழையும் உண்டு, காட்டில் இரவுத் தங்கலும் உண்டு. பனி உறையும் இடத்தில்தான் குளிர் ஆபத்து என்பதில்லை. ஈர வேட்டியும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் மிதமான குளிரே போதும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம் தொடரும். வயது முதிர்ந்த உடல் குளிரைத் தாமதமாகவே உணர்கிறது என்பதுதான் கவலைக்குரியது.

இதற்கெனக் கைக்குள் அடங்கும் ஒரு பொருள் மலையேற்றக் கடைகளில் கிடைக்கிறது. பெயர் ‘எமர்ஜென்சி பிளாங்கெட்’. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா விண்வெளிப் பணிக்காக உருவாக்கிய, அலுமினியம் படிந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் இது. உடலிலிருந்து வெளிவரும் வெப்பக் கதிரைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பும். தானாக வெப்பம் தராது; ஆகவே ஈரத்துணியின்மேல் சுற்றிக்கொண்டு பயன் எதிர்பார்க்கலாகாது. முதலில் உலர்ந்த துணி, அதன்மேல் இந்தத் தாள். வெறுந்தரையில் படுத்தாலும் பயனில்லை, மண் வெப்பத்தை இழுத்துவிடும். கீழே பாயோ கம்பளியோ வேண்டும். கம்பளியை வீட்டில் வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துச் செல்வதும் பிழை. நனைந்தாலும் ஓரளவு கதகதப்புத் தருவது கம்பளிதான்.

இதே தாளைப் பை வடிவில் தைத்ததுபோல் செய்வதை ‘பிவி’ என்பர். காற்று புகாது, உறக்கத்தில் விலகாது. தனித்துப் பின்தங்கிவிட்ட முதியவர் உதவி வரும்வரை காத்திருக்க அதுவே ஏற்றது. மிக மெல்லிய தாள் ஒரு முள் பட்டாலே கிழியும். சற்றுத் தடித்ததாய், தொலைவிலிருந்து தெரியும் செம்மஞ்சள் நிறப் புறம் உள்ளதாய், முழங்கால் வலிக்காரர் எளிதில் நுழையும் அகலமுள்ளதாய்ப் பார்த்து வாங்கலாம். உள்ளே வியர்வை நீர்த்துளியாகப் படியும். வாயை முழுதும் மூடிக்கொள்ளக் கூடாது. கற்பூரச் சுடர், அடுப்பு அருகே வேண்டவே வேண்டாம், உருகிப் பற்றிக்கொள்ளும்.

தோள்பையின் அடியில் வைத்தால் தேவையானபோது கிடைக்காது. மேலாக வைக்க வேண்டும். விறைத்த விரல்களால் உறையைப் பிரிப்பது எளிதன்று. புறப்படுமுன் வீட்டுத் திண்ணையில் ஒருமுறை பிரித்துப் போர்த்திப் பார்ப்பது நல்லது. பிரித்ததைப் பழையபடி மடிக்க யாராலும் முடிவதில்லை. அதனால் பழக ஒன்று, பயணத்துக்கு ஒன்று என இரண்டு வாங்குவது உசிதம். பயன்படுத்திய தாளை யானைகள் உலவும் காட்டில் விட்டுவிடாமல், இறங்கும்போது கையோடு கொண்டுவந்துவிட வேண்டும்.