இஞ்சியும் செஞ்சியும்

எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஜி-ஐ-என்-ஜி-இ-இ என்று எழுதுகிறார்கள். 1761-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர்கள் விட்டுப்போன எழுத்து! 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்ததிலிருந்து, பார்க்க வருகிறவர்களிடம் "ஜிஞ்சி இல்லீங்க, செஞ்சி" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். "அத்தை! ஜிஞ்சர், ஜிஞ்சலி, ஜிஞ்சர்லி எல்லாம் நம்ம ஊர்லேருந்து போன வார்த்தைங்களா?" என்று கேட்டாளே பார்க்கலாம்!

மூன்றும் மூன்று குலம். ஜிஞ்சர் நம் இஞ்சிதான். பாலி, கிரேக்கம், லத்தீன் என்று ஊர் சுற்றி ஆங்கிலத்துக்குப் போனது. நல்லெண்ணெய் பாட்டிலில் இருக்கும் ஜிஞ்சலி, அரபியிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பெண் அந்தப் பெயரைச் சொன்னால் கடைக்காரர் விழிப்பார். அங்கே அது செசமி ஆயில். அதிலும் கறுப்பாக, வறுத்த எள்ளில் எடுத்த சீன வகையை வாங்கி இட்லிப் பொடியில் ஊற்றிவிடப் போகிறாள், சொல்லி வையுங்கள்! ஜிஞ்சர்லிக்கோ இஞ்சியோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முன்பு நளினமாக அடியெடுத்து வைப்பதைச் சொன்னார்கள். இன்று ஜாக்கிரதையாக என்று அர்த்தம். ராஜகிரிப் படியில் நாம் ஏறுவோமே, அப்படி.

வழக்கொழிந்த அர்த்தங்களும் உண்டு. ரிசீட் என்றால் நமக்குப் பணம் கட்டிய ரசீது. ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1747-ல் சமையல் புத்தகம் போட்டார் (இந்திய முறைக் கறிகூட அதில் உண்டு). அந்தக் காலத்தில் ரிசீட் என்றால் சமையல் குறிப்பு! இன்று அந்த இடத்தில் இருப்பது ரெசிபி. இரண்டுக்கும் தாய் ஒரே லத்தீன் சொல். ரெசிபி என்றால் 'எடுத்துக்கொள்' என்ற கட்டளை. டாக்டர் சீட்டின் தலையில் 'ஆர்' போட்டுக் காலில் ஒரு கோடு கிழிப்பது அதன் சுருக்கந்தான். ஆக, ரசமும் கஷாயமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாததும் உண்டு. 'இன்' முன்னால் வந்தால் 'இல்லை' என்று பள்ளியில் படிக்கிறோம். இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காது என்றா அர்த்தம்? சட்டென்று பற்றிக்கொள்ளும் என்று அர்த்தம்! இந்தக் குழப்பத்தால்தான் 1920-களிலேயே அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கத்தார், ஃப்ளேமபிள் என்றே எழுதச் சொன்னார்கள். தின்னர் டப்பாவில் எந்தச் சொல் இருந்தாலும் அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குத் தலைசுற்றல். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஹைப்போடென்ஷன் என்று இருந்ததைப் பேரன் ஹைப்பர்டென்ஷன் என்று வாசித்துவிட்டான். ஹைப்பர் என்றால் மேலே, ஹைப்போ என்றால் கீழே. அதாவது ரத்த அழுத்தம் குறைவு. அது தெரியாமல் பத்து நாள் உப்பில்லாச் சோறு! ஊறுகாய் ஜாடி பரண்மேல் ஏறிவிட்டது. பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒருநாள் கொல்லையில் சாய்ந்தே விட்டார். நல்லவேளை, அடி படவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது நர்ஸம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "யாருங்க இவங்களுக்கு உப்பை நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டாராம்.

இப்போது டாக்டர் சொன்னபடி உப்பும் மோரும் சேர்கின்றன. ஜாடியும் கீழே இறங்கிவிட்டது.