அயர்லாந்தின் சட்டமும் பெல்காம் பெண்ணின் மரணமும்

பெல்காமில் குடும்பமுடைய ஸவிதா ஹலப்பனவர் என்னும் இந்திய ஸ்திரீ, பல் வைத்தியம் கற்றுத் தேர்ந்து, கணவருடன் அயர்லாந்து தேசத்தில் குடியேறியிருந்தார். 2012-ம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி கால்வே நகரத்து ஆஸ்பத்திரியில் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 31. தலைப்பிள்ளை கருவுற்று 17 வாரங்களே ஆகியிருந்தன. அம்மாதம் 21-ந் தேதி முதுகு வலியோடு வந்தவரிடம், கரு தங்காது, சிதைவது நிச்சயம் என்று வைத்தியர்களே சொல்லிவிட்டார்கள். மறுநாளே பனிக்குடம் உடைந்தது. பிழைக்க வழியில்லாத சிசுவுக்காக நோவை நீட்டிக்க வேண்டாம், கர்ப்பத்தைக் கலைத்துவிடுங்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். சிசுவின் இருதயம் துடித்துக்கொண்டிருக்கும் வரையில் சட்டம் இடங்கொடாது என்பதே பதில். இது கத்தோலிக்க தேசம் என்று அவரிடம் சொன்னதை ஆஸ்பத்திரித் தாதிகளில் ஒருவர் பின்னர் மரண விசாரணையில் ஒப்புக்கொண்டார். 24-ந் தேதி சிசுவின் துடிப்பு நின்றது. அதற்குள் தாயின் இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது.

அயர்லாந்தில் நடந்ததற்குத் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் இருக்கும் நமக்கு என்ன என்று வாசகர் கேட்கலாம். அயர்லாந்து நமக்கு அன்னிய தேசமல்ல. டி வலேராவின் பெயரைக் கேட்டு மெய் சிலிர்த்தவர்கள் நம் பாட்டனார். அவர் 1937-ல் தம் தேசத்துக்கு இயற்றுவித்த அரசியல் சட்டத்திலிருந்தே நம் அரசியல் நிர்ணய சபையார் வழிகாட்டிக் கொள்கைகள் என்னும் நான்காம் பாகத்தின் கருத்தை எடுத்துக்கொண்டார்கள். அடையாற்றுக் கரையில் 1917-ல் இந்திய மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையான மார்கரெட் கஸின்ஸ் அம்மையார் அயர்லாந்தில் பிறந்தவர். அங்கே பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிவிட்டு 1915-ல் இங்கு வந்தவர். நமது சுதந்திரப் போரில் சிறை புகுந்தவர். அந்தச் சங்கத்துக்குத் தலைமை வகித்த பெஸண்ட் அம்மையாரும் தம்மை ஐரிஷ் இரத்தத்தவர் என்றே சொல்லிக்கொண்டார். இந்த அம்மையார் 1877-ல், கர்ப்பத்தடையைப் பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்ட குற்றத்துக்காக, சார்லஸ் பிராட்லாவுடன் லண்டன் நியாயஸ்தலத்தில் கூண்டேறியவர் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? தண்டனை ஒரு சட்ட நுணுக்கத்தால் அப்பீலில் ரத்தாயிற்று. ஆனால் அவருடைய மகளை அவரிடமிருந்து நியாயஸ்தலத்தார் பிரித்துவிட்டார்கள். பெஸண்ட் நகர் என்று நாள்தோறும் உச்சரிக்கிறோம். அப்பெயருக்குரியவர் கொடுத்த விலையை உச்சரிப்பதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அயர்லாந்தில் அன்று நடப்பில் இருந்தது இங்கிலாந்து பார்லிமெண்டு 1861-ல் இயற்றிய சட்டம். கர்ப்பத்தைக் கலைப்போருக்கு அது விதித்தது ஆயுள் தண்டனை. வெள்ளையன் போன பிறகும் அவன் சட்டம் போகவில்லை. அது போதாதென்று 1983-ல் அரசியல் சட்டத்துக்கு எட்டாவது திருத்தம் ஒன்றைச் செய்து, வயிற்றிலுள்ள சிசுவின் உயிருரிமையும் தாயின் உயிருரிமையும் சமம் என்று எழுதினார்கள். வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 66.9 பேர் அதை ஆதரித்தார்கள். 1992-ல் பலாத்காரத்துக்கு ஆளான 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், தாயின் உயிருக்கு மெய்யான, கணிசமான ஆபத்து இருந்தால் கர்ப்பத்தைக் கலைக்கலாம் என்று அத்தேசத்தின் உச்ச நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு ஏற்ற சட்டம் செய்யவேண்டியது பார்லிமெண்டின் கடமை. இருபது வருஷம் எந்த மந்திரிசபையும் அதைத் தொடவில்லை. தொட்டால் வாக்குப் போகும் என்ற பயம்தான்.

இதன் பலன் என்ன? ஆரோக்கியத்துக்கு ஆபத்து என்பது வேறு, உயிருக்கு ஆபத்து என்பது வேறு என்று சட்டம் சொல்லிற்று. முன்னது பின்னதாக மாறும் நாழிகை எது என்று சொல்லவில்லை. ஒரு புறம் நோயாளி, மறுபுறம் ஆயுள் சிறை. நடுவில் நிற்கும் வைத்தியர் என்ன செய்வார்? காத்திருப்பார். ஜுரம் இன்னும் ஏறட்டும், அப்பொழுது சட்டம் இடங்கொடுக்கும் என்று காத்திருப்பார். இரத்தத்தில் ஏறும் விஷமோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இந்த மரணத்தை ஆராய அயர்லாந்து சுகாதார இலாகா அமைத்த குழுவின் தலைவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணத்தவராகிய ஸர் சபாரத்தினம் அருள்குமரன், லண்டனில் பிரசவ வைத்தியப் பேராசிரியராக விளங்கியவர். 2013-ம் வருஷம் ஜூன் மாதம் வெளியான அவருடைய குழுவின் அறிக்கை யாருக்கும் தாட்சண்யம் பார்க்கவில்லை. நோயாளியைக் கவனித்த முறையில் குறை உண்டு, விஷக் கிருமியின் அறிகுறிகளைக் காலத்தில் கண்டு செயலாற்றவில்லை என்று கூறிற்று. அத்துடன் நில்லாமல், சிசுவின் இருதயத் துடிப்பு நிற்கும் வரையில் காத்திருப்பதிலேயே கருத்தைச் செலுத்தி, தாய்க்கு ஏறிவந்த அபாயத்தைக் குறைவாக மதித்தார்கள் என்றும், சட்டத்தைப் பற்றிப் பார்லிமெண்டு சிந்திக்கவேண்டும் என்றும் கூறிற்று. மரணத்துக்குக் காரணம் அஜாக்கிரதையே, சட்டமல்ல என்று வாதித்தோர் உண்டு. அவர்கள் அறிக்கையின் முற்பாதியை மட்டும் படித்தவர்கள். 2017-ல் அதே பேராசிரியர் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சாட்சி சொன்னபோது, வைத்தியர்களின் கையைக் கட்டியது சட்டமே என்று விளங்கச் சொன்னார்.

2013-ம் வருஷத்துக் கோடையில் நடந்த விவாதம் நம் சட்டசபை அங்கத்தினர்கள் படிக்கத்தக்கது. பிஷப்புமார் எதிர்த்தார்கள், பிரதம மந்திரி எண்டா கென்னிக்கு வசவுக் கடிதங்கள் குவிந்தன. தாம் கத்தோலிக்கராக இருக்க நேர்ந்த பிரதம மந்திரியே அன்றி, கத்தோலிக்கர்களுக்கு மட்டும் பிரதம மந்திரியல்ல என்ற கருத்துப்பட அவர் சபையில் பேசினார். அவருடைய மந்திரிசபையைச் சேர்ந்த லூஸிண்டா கிரைட்டன் மனச்சாட்சி ஒப்பவில்லையென்று எதிர்த்து வாக்களித்துப் பதவியை இழந்தார். அவர் கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் பதவிக்காகக் கொள்கையை விற்காதவருக்கு ஒரு வணக்கம் செலுத்துவதில் தவறில்லை. இரவு முழுதும் விவாதித்து, 127-க்கு 31 என்ற வாக்குகளால் கீழ்ச்சபை மசோதாவை நிறைவேற்றியது. உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டுமே அனுமதி. மீறினால் 14 வருஷம் வரை சிறை. அரைக் கிணறு தாண்டிய சட்டம் அது.

பிறகு, 99 சாதாரணப் பிரஜைகளையும் ஒரு நீதிபதியையும் கொண்ட சபை ஒன்று கூடி, பல மாதம் வைத்தியர்களையும் வழக்கறிஞர்களையும் பாதிக்கப்பட்ட பெண்களையும் விசாரித்தது. 2018-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி மறுபடியும் ஜன வாக்கெடுப்பு. எட்டாவது திருத்தத்தை நீக்குவதற்கு நூற்றுக்கு 66.4 பேர் வாக்களித்தார்கள். 35 வருஷத்துக்கு முன் அதைக் கொண்டுவந்த பெரும்பான்மையும் ஏறக்குறைய இதுவே! 2019-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி புதுச் சட்டம் அமுலுக்கு வந்தது. 12 வாரம் வரை பெண்ணின் விருப்பமே போதும்.

கத்தோலிக்க மதத்தாரை இகழ்வது நம் நோக்கமல்ல. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் அவர்கள் நம் அண்டை வீட்டார். கரு உண்டான கணம் முதல் அது உயிர் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்நம்பிக்கைப்படி ஒழுகுகிறவர்கள் மரியாதைக்குரியவர்கள். கர்ப்பத்தடைச் சாதனங்களை மகாத்மாவும் ஒப்பவில்லை. 1935-ல் மார்கரெட் ஸாங்கர் அம்மையார் வார்தாவுக்கே வந்து வாதித்தும் பிரம்மசரியத்தையே வற்புறுத்தினார். ஆனால் மகாத்மா தம் விரதத்தைப் பீனல் கோடில் சேர்க்கச் சொல்லவில்லை. ஸவிதா அந்த மதத்தைச் சேர்ந்தவரே அல்லர். அம்மதத்தின் விரதத்துக்காக அவர் உயிர் விட நேர்ந்தது.

நம் தேசத்து நிலைமை என்ன? 1860-ம் வருஷத்துப் பீனல் கோடின் 312-வது ஷரத்தும் தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியதே. 1964-ல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா கமிட்டியின் சிபார்சின் மேல் 1971-ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் செய்தது. அச்சட்டப்படி ஸவிதா தம் ஊரிலேயே இருந்திருந்தால், இரண்டு வைத்தியர்கள் நல்லெண்ணத்துடன் அபிப்பிராயப்பட்டதும் அன்றே சிகிச்சை பெற்றிருக்கலாம். இதைச் சொல்லி நாம் மார் தட்டிக்கொள்வதற்கில்லை. ஜனத்தொகை பெருகுகிறதே என்ற கவலை நிறைந்திருந்த காலத்தில் பிறந்த சட்டம் அது. பெண்ணின் உரிமையிலிருந்து பிறந்ததன்று. அந்தக் கவலையே 1975-க்குப் பின் நெருக்கடி நிலைக் காலத்தில் ஏழைகளைக் கட்டாய அறுவைக்கு இழுத்துச் சென்றது. பெறாதே என்று கட்டாயப்படுத்தும் சர்க்காருக்கும், பெற்றே தீர் என்று கட்டாயப்படுத்தும் சர்க்காருக்கும் வித்தியாசம் அதிகமில்லை.

2021-ல் அச்சட்டம் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு வைத்தியர், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு வைத்தியர், அதற்கு மேல் சிசுவுக்குக் கடும் ஊனம் இருந்தால் வைத்திய போர்டு என்பது ஏற்பாடு. உயிருக்கு ஆபத்தானால் 5-வது ஷரத்தின்படி இந்த வரம்பு எதுவும் குறுக்கே நிற்காது. 2022-ம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மணமாகாத பெண்களுக்கும் 24 வாரச் சலுகை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆயினும் இன்றும் தீர்மானிக்கும் அதிகாரம் சட்டத்தில் வைத்தியரிடமே இருக்கிறது, பெண்ணிடம் இல்லை.

வாசகர்களில் தொண்டு செய்வோர் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும் என்பது சட்டம். கணவன் கையெழுத்தைச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும் என்று வைத்தியர்கள் தாமாகவே நிபந்தனை விதிப்பதை 2022-ம் வருஷத்துத் தீர்ப்பு பெயர் சொல்லிக் கண்டித்திருக்கிறது. கணவன் வெளியூரில் வேலைக்குப் போயிருக்க, அல்லது கணவனே கொடுமைக்காரனாக இருக்க, தனியே வரும் பெண்ணைக் கையெழுத்து இல்லையென்று திருப்பியனுப்பினால், எந்த ஷரத்தின்படி என்று எழுத்தில் கேட்க அவளுக்குத் துணை வேண்டும்.

அருள்குமரன் பிறந்த இலங்கையிலோ 1883-ம் வருஷத்துப் பீனல் கோடின் 303-வது ஷரத்து அப்படியே நிற்கிறது. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறு எதற்கும் இடமில்லை. பலாத்காரத்துக்கு ஆளானவளுக்கும் இல்லை. 1995-ல் திருத்த முயன்று, சபையில் எதிர்ப்பைக் கண்டு அப்பகுதியை விட்டுவிட்டார்கள். 2017-ல் மீண்டும் பேச்செடுத்தபோது கத்தோலிக்க குருமாருடன் பௌத்த பிக்ஷுக்களும் எதிர்த்தார்கள். மசோதா சபைக்கே வரவில்லை.