பள்ளி ஆய்வகத்திற்கு நமது பங்கு

வணிகப் பெருமக்களே! தராசைத் தொடாமல் நிறுக்கக் கற்றவர் நம்மில் யாருண்டு? ஆனால் ஏழைப் பிள்ளைகள் பலர் பியூரெட்டைத் தொடாமலே வேதியியல் படிக்கிறார்கள். பத்துப் பேருக்கு ஒரு கருவி என்றால், ஒருவர் செய்ய ஒன்பது பேர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலிலோ 100 மதிப்பெண்ணில் 20 செய்முறைத் தேர்வுக்கு உரியது.

உதவ விரும்பினால், முதலில் ஆசிரியரிடம் பட்டியல் கேட்போம். 50 மி.லி. பியூரெட், 20 மி.லி. பிப்பெட், கூம்புக் குடுவை ஆகியவை அடிப்படைத் தேவை. பலர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும். தலைமையாசிரியரிடம் ஒப்படைத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் செய்வோம். கண்ணாடி உடையும் பொருள்; எனவே ஆண்டுதோறும் மாற்றி வாங்க ஒரு பங்கை ஒதுக்குவோம். சரக்குத் தீர்ந்த கடையைத் திறந்து வைத்து என்ன பயன்?